ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு

கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் நாலுகேள்வி. அது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. யாராவது எழுந்து, "டீச்சர், இந்தக் கணக்கு வரமாட்டேங்குது" என்றால் போதும், சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார். என்ன தெரியும்? என்ன வேணும்? என்ன பண்ணலாம்? பண்ணது சரியா? தலைகீழாக நின்றாலும் விடையை மட்டும் அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாது. விக்கல் எடுக்கிறது, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்றால்கூட நாலு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

இருபத்திரண்டு வருடமாக அவருக்கு ஓர் ஆற்றாமை இருந்தது. கணக்கு வகுப்பில் புலியாகப் பாய்கிற பிள்ளை, அடுத்த மணி அடித்ததும் அறிவியல் வகுப்பில் போய்ப் பேய் அறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கும். யோசிக்கிற வேலை கணக்கு நோட்டோடு முடிந்துவிடுகிறது என்று அதற்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். வரலாற்றில் மனப்பாடம், புவியியலில் படம், தமிழில் கோனார் உரையைப் பார்த்து வரிசையாகப் பொருள் எழுதுவது. இந்த நாலு கேள்வியையும் எல்லாப் பாடத்திலும் கேட்டால் என்ன என்று தலைமையாசிரியையை விடாமல் நச்சரித்தார். பிடித்தால் பிடித்த பிடிதான் அவருக்கு. கடைசியில் அந்த அம்மாள், "சரி, பண்ணித் தொலைங்க டீச்சர்" என்று சொல்லும்வரை விடவில்லை.

மற்ற ஆசிரியர்களுக்கு ஒரு சனிக்கிழமை பயிற்சி நடத்தினார். சனிக்கிழமை என்பதாலேயே பாதிப் பேர் முகம் கடுகடுவென்று இருந்தது. வரலாறு சார் பின்வரிசையிலிருந்து, "போர்ல தோத்து ஓடிட்டிருக்கிற ராஜாவ நிறுத்தி, என்ன தெரியும், என்ன வேணும்னு கேக்கச் சொல்றீங்களா?" என்றார். அறை சிரித்தது.

"போறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா ஓடியிருக்க மாட்டான் சார்," என்றார் கணக்கு டீச்சர். அதற்கும் அறை சிரித்தது. அன்றைக்கு அவர் ஜெயித்துவிட்டார்.

அப்படித்தான் 'ஒரே கேள்வி, ஐந்து பாடம்' என்ற செயல்திட்டம் வந்தது. கடைசி வருடப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வாழ்க்கையிலிருந்து ஒரு சிக்கலை எடுத்துக்கொள்ளவேண்டும். அதையே கணக்கு, அறிவியல், புவியியல், வரலாறு, தமிழ் என்று ஐந்து தாள்களில் ஆராய்ந்து தீர்க்கவேண்டும். தாளுக்குப் பத்து மதிப்பெண். டீச்சர் கூடவே ஒரு விதியும் போட்டார். தாளில் எங்கேயும் 'நான்' என்று வரக்கூடாது. 'என் அப்பா', 'எங்கள் தெரு', எதுவும் வரக்கூடாது. 'ஒரு வீடு', 'ஒரு நபர்', அவ்வளவுதான்.

"சொந்தக் கதைய எழுத உக்காந்தா அதுலயே முங்கிப் போயிடுவீங்க," என்று வகுப்பில் விளக்கினார். "பக்கத்து வீட்டுப் பிரச்சினை மாதிரி தள்ளி நின்னு பாருங்க. அப்பத்தான் வழி கண்ணுக்குத் தெரியும்."

நல்ல விதிதான். யாரும் குறை சொல்ல முடியாது. அதனால்தான் அது அத்தனை தூரம் போய்க் கெடுத்தது.

பிள்ளைகள் உற்சாகமாக எழுதினார்கள். ஒரு வீட்டில் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு தெருவுக்குப் பேருந்து எப்போதும் தாமதமாக வருகிறது. ஒரு வீட்டில் ஒரு நபர் காலையில் குளியலறைக்குள் போனால் வெளியே வருவதே இல்லை. இந்தக் கடைசித் தாளை எழுதியவனின் அண்ணனை டீச்சருக்கு நன்றாகத் தெரியும். அவனும் இதே பள்ளியில் படித்தவன். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

தாள்கள் வந்ததும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். எண்பது பிள்ளைகள், ஐந்து தாள்கள். கணக்குத் தாள்களெல்லாம் ஒரு கட்டு, அறிவியல் தாள்களெல்லாம் ஒரு கட்டு என்று கயிறு போட்டுக் கட்டி, அவரவர் கட்டை அவரவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். யார் திருத்தியது என்று குழப்பம் வராமலிருக்க ஆளுக்கொரு மை. கணக்குக்குச் சிவப்பு, அறிவியலுக்குப் பச்சை, புவியியலுக்கு நீலம், வரலாற்றுக்கு ஊதா, தமிழுக்குக் கறுப்பு. பதினைந்து நாளில் முடிக்கவேண்டியதை அறிவியல் சார் இழுத்தடித்ததில் மூன்று வாரம் ஆனது. பிறகு மதிப்பெண்களை மட்டும் ஒரு பட்டியலில் ஏற்றி, தாள்களைக் கட்டுக் கட்டாகவே அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

அந்தத் திங்கட்கிழமை பட்டியலைக் கூட்டியபோது முதலில் வந்தவள் பென்சில். ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு.

அவளுடைய நிஜப்பெயரைப் பதிவேட்டில் மட்டும்தான் பார்க்கலாம். எதையும் பேனாவில் எழுதமாட்டாள். எழுதியதை அழித்து அதே நோட்டை மறுபடியும் பயன்படுத்துவாள் என்று பேச்சு. ஒல்லியாக, நெட்டையாக, வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பெண். கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்காருவாள். ஒரே ஒரு குறை: தினமும் பத்து நிமிடம் தாமதம். கணக்கு டீச்சர்தான் வகுப்பாசிரியை. ஒருநாள் வாசலிலேயே அவளை நிறுத்திவைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம்?"

"முப்பத்தஞ்சு நிமிஷம் டீச்சர்."

"அது தெரிஞ்சது. வேண்டியது?"

"எட்டு மணிக்கு இங்க இருக்கணும்."

"என்ன பண்ணலாம்?"

"ஏழு இருபதுக்கே கிளம்பலாம்."

"பாத்தீங்களா, விடை இவகிட்டயே இருக்கு. அப்புறம் ஏம்மா ஏழரைக்குக் கிளம்பற?"

வகுப்பு சிரித்தது. பென்சிலும் கொஞ்சம் சிரித்தாள். டீச்சரும் விட்டுவிட்டார், பாடம் நடத்தவேண்டியிருந்தது.

திங்கட்கிழமை மதிப்பெண்ணைப் படித்ததும் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். கைதட்டல் அடங்கிய பிறகும் அவள் உட்காரவில்லை.

"என்னம்மா?"

"டீச்சர்... தாளைப் படிச்சீங்களா?"

"படிக்காமயா பத்துக்குப் பத்து போட்டேன்? உக்காரு, உக்காரு."

மறுபடியும் சிரிப்பு. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாரம் டீச்சருக்குத் தலைக்கு மேல் வேலை. வெள்ளிக்கிழமை கல்வித் துறையிலிருந்து நாலு பேர் வருகிறார்கள். இந்த ஐந்து பாடத் திட்டத்தைப் பார்த்துவிட்டு, பிடித்தால் மற்ற பள்ளிகளுக்கும் கொண்டுபோவார்களாம். டீச்சருக்குத் தரையில் கால் பாவவில்லை. கூடத்தில் பெரிய பலகைகள், அதில் சிறந்த பத்துப் பிள்ளைகளின் தாள்கள். வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அலமாரியைத் திறந்து, கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளையின் ஐந்து தாள்களையும் தேடி ஒன்றுசேர்த்துப் பின் அடிக்க உட்கார்ந்தார். முதலில் எடுத்தது பென்சிலுடையது. முதல் மதிப்பெண் அல்லவா, பலகையின் நடுவில் வைக்கவேண்டும்.

கணக்குத் தாள் அவர் திருத்தியதுதான். 'ஒரு வீட்டில் மூன்று பேர். ஒருவர் படுக்கையில் இருக்கிறார். தானாகப் புரள முடியாது. ஒருவருக்கு ஏழு வயது. இன்னொருவருக்குப் பதினேழு. படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். பதினேழு வயதுக்காரர் ஏழரைக்குத் திருப்பிவிட்டு வெளியே போனால் திரும்பி வர மூன்றரை ஆகும். ஒன்பதரை, பதினொன்றரை, ஒன்றரை ஆகிய மூன்று முறை திருப்ப ஆள் இல்லை. மேல் வீட்டில் இருப்பவர் இதுவரை வந்து உதவினார். இப்போது அவருக்கு வேலை கிடைத்துவிட்டது.' கீழே அழகான அட்டவணை. ஏழு வயதுக்காரரால் தூக்க முடியுமா, எடைக் கணக்கு. மதிய இடைவேளையில் போய் வர முடியுமா, நேரக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'பொருந்தவில்லை.' அடியில் சிவப்பு மையில் அவருடைய கையெழுத்து: 'அருமை! ஒரு வழியையும் விடாமல் சோதித்திருக்கிறாய்.'

அப்போது இதைப் படித்து அவர் மகிழ்ந்துபோனார். குழாய்க்கும் குளியலறைக்கும் நடுவில் இப்படி ஒரு கணக்கு! பிள்ளை எங்கேயோ படித்துவிட்டு நல்ல கற்பனை செய்திருக்கிறது என்று நினைத்தார்.

அடுத்தது அறிவியல். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் தோல் ஏன் அழுகுகிறது என்று எழுதி, ஒரு முதுகின் படம் வரைந்திருந்தாள். இடுப்பெலும்புக்கு மேலே ஒரு புண். 'முதல் வாரம், சட்டைப் பொத்தான் அளவு. இரண்டாம் வாரம், மூன்று சென்டிமீட்டர். மூன்றாம் வாரம், நான்கரை.' பச்சை மை சொன்னது: 'படம் அழகு. அளவுகள் நம்பும்படி உள்ளன. 10.'

டீச்சரின் கை பின் அடிக்கும் கருவியின் மேல் அப்படியே நின்றது. அளவுகள் நம்பும்படி உள்ளன. கற்பனைப் புண்ணுக்கு யாராவது வாரா வாரம் ஸ்கேல் வைத்து அளப்பார்களா?

புவியியல் தாளில் ஒரு வரைபடம். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு வீடு, அங்கிருந்து பேருந்துப் பாதை, மருத்துவமனை, ஒரு பாலம், வளைவில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி, அதன் எதிரே ஒரு கட்டடம். கட்டடத்துக்குப் பெயர் போடவில்லை. டீச்சர் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி எதிரே நின்றுகொண்டிருந்தது. நீல மை: 'அளவுகோல், திசை இரண்டும் சரி. 10.'

வரலாற்றுத் தாளில் காலக்கோடு. 'மூன்று ஆண்டுகளுக்கு முன்: இந்த வீட்டில் நான்கு பேர். ஒருவர் வேலைக்கென்று வேறு ஊர் போகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்: கடிதம் நின்றுவிடுகிறது. ஒன்பது மாதங்களுக்கு முன்: ஒருவர் மாடிப்படியில் விழுகிறார்.' ஊதா மை: 'காரண காரியத் தொடர்பு நன்று. ஆதாரம் எதையும் குறிப்பிடவில்லை. 9.'

தமிழ்த் தாளில், சிக்கலைத் தீர்க்கக்கூடியவருக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். அவள் தலைமையாசிரியைக்கு எழுதியிருந்தாள். வீட்டுச் சூழ்நிலையால் ஒரு மாணவி பள்ளியிலிருந்து விலக அனுமதி கேட்கும் விண்ணப்பம். கறுப்பு மை: 'நடை சிறப்பு. பணிவு உள்ளது. நாள் இடவில்லை. 9.'

ஐந்து தாள்களும் முதல்முறையாக ஒரே மேஜையில் கிடந்தன. ஒரு பெண் தன் வீட்டை ஐந்தாகப் பிரித்து, ஆளுக்கொரு துண்டாக ஐந்து பெரியவர்கள் கையில் கொடுத்திருக்கிறாள். ஐந்து பேரும் தங்கள் துண்டில் தப்பு இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, மார்க் போட்டு, கயிறு கட்டிப் பூட்டிவைத்தார்கள். டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புதன்கிழமையும் இன்றைக்கும் பென்சில் வகுப்புக்கு வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தாள்களை அள்ளிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பொண்ணா? செவ்வாய்க்கிழமையே சர்ட்டிபிகேட் வாங்கிட்டுப் போயிடுச்சே டீச்சர்."

"எப்படிக் குடுத்தீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

கிளார்க்குக்கு முகம் சுருங்கிவிட்டது. கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்து நீட்டினார். "தப்பே இல்லாத விண்ணப்பம் டீச்சர். நாள்கூட சரியா போட்டிருந்தா. கிளாஸ் டீச்சர் கையெழுத்து வேணும்னு நான்தான் திருப்பி அனுப்பினேன். வாங்கிட்டு வந்துட்டாளே. இதோ பாருங்க."

மூலையில் டீச்சரின் கையெழுத்து. அவருடையதேதான், கடைசி எழுத்தின் வால்கூட அப்படியே. செவ்வாய்க்கிழமை ஆசிரியர் அறையில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தாளைக் காட்சிக்கு வைக்கச் சம்மதம் என்று ஒவ்வொருவரும் ஒரு படிவம் கொண்டுவந்திருந்தார்கள். பலகை செய்கிற தச்சரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே டீச்சர் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். பென்சிலும் அந்த வரிசையில் வந்து ஒரு தாளை நீட்டியது ஞாபகம் வந்தது. போட்டுக் கொடுத்த பிறகும் அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். "அதான் போட்டாச்சே, நகரும்மா, பின்னாடி ஆள் நிக்குது," என்று டீச்சர்தான் சொன்னார். அந்த வார்த்தை இப்போது அவர் காதில் விழுந்தபோது தன்னையே அறைந்துகொள்ளவேண்டும் போல் இருந்தது.

அவளைத் திரும்பக் கொண்டுவரவேண்டும். வேறு எந்த யோசனையும் ஓடவில்லை. இறுதித் தேர்வுக்கு இன்னும் நாலு மாதம்தான். நாலு மாதம் அந்த மூன்று திருப்பல்களுக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டால் போதும், பெண் கரையேறிவிடுவாள். நடைகூடத்தில் நின்று டீச்சர் யோசித்தார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே நாலு கேள்விகள்தான். வீட்டுக்கு ஆள் போவது நடக்காது, பேருந்தே முப்பத்தைந்து நிமிடம். அப்படியானால் வீட்டை இங்கே கொண்டுவந்தால்?

அவர் நின்ற இடத்துக்கு எதிரே சிக் ரூம். ஒரு கட்டில், ஒரு மெத்தை, ஒரு மின்விசிறி. வருடத்துக்கு நாலு பேர் மயங்கி விழுந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் காலியாகத்தான் கிடக்கும். காலையில் படுத்திருப்பவரை ஒரு வண்டியில் அழைத்துவந்து இங்கே படுக்கவைத்தால், மணி அடிக்கும்போதெல்லாம் பெண் ஓடிவந்து திருப்பிவிட்டுப் போகலாம். மூன்றே மூன்று முறை. தலைமையாசிரியையின் அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தார்.

அந்த அம்மாள் தாள்களைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். விதிமுறை, பொறுப்பு, நாளைக்கு வருகிறவர்கள் என்று ஏதோ ஆரம்பித்தார். அப்புறம் அவரே நிறுத்திக்கொண்டார். "போங்க டீச்சர். போய்க் கூட்டிட்டு வாங்க. வர்றவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

பேருந்தில் டீச்சர் உட்காரவே இல்லை. இடம் இருந்தது; உட்காரத் தோன்றவில்லை. புவியியல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பாலம், மருத்துவமனை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். அளவுகோல், திசை இரண்டும் சரியாகத்தான் இருந்தன. சைக்கிள் கடையின் பக்கவாட்டில் குறுகலான மாடிப்படி. எட்டாவது படியின் விளிம்பு உடைந்திருந்தது. அதைப் பார்த்துக் காலை வைத்து ஏறினார்.

கதவு திறந்தே கிடந்தது. இரண்டு சின்ன அறைகள். முதல் அறையில் அட்டைப்பெட்டிகள், கயிறு கட்டிய பாத்திரங்கள், சுருட்டிய பாய். சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. உள்ளறையில் கட்டில். அதன் பக்கத்தில் பென்சில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் வகுப்பில் எழுந்து நிற்கிற மாதிரியே எழுந்து நின்றாள்.

"வாங்க டீச்சர்," என்றார் கட்டிலில் இருந்தவர். பென்சிலின் முகம்தான், இருபது வயது கூடியது. "இவ உங்களப் பத்திச் சொல்லாத நாளே இல்ல. நாக்காலிகூட கட்டிட்டோம். அந்தப் பெட்டி மேல உக்காருங்க."

டீச்சர் உட்காராமலே மூச்சிரைக்கச் சொல்லி முடித்தார். சிக் ரூம், கட்டில், வண்டி, மூன்று திருப்பல்கள், தலைமையாசிரியை சம்மதித்தது. சொல்லச் சொல்ல அவருக்கே தைரியம் வந்தது. "நாலே மாசம்தான்மா. பரீட்சை முடியட்டும். வண்டிக்கு நான் பாத்துக்கறேன். சர்ட்டிபிகேட்டைத் திருப்பிக் குடுத்துட்டா போதும், நாளைக்கே கிளாஸ்ல உக்காரலாம்."

அம்மா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

"டீச்சர்," என்றார் அம்மா மெல்ல, "உங்க மனசைக் கும்பிடணும். ஆனா சின்னவள என் தங்கச்சி முந்தாநாளே கூட்டிட்டுப் போயிட்டா. அங்க ஸ்கூல்லயும் சேத்தாச்சு. அம்மா எப்ப வருவ, அக்கா எப்ப வருவான்னு போன்ல ஒரே அழுகை. இந்த வீட்டுக்கு நாளைக்குக் காலைல வேற ஆளுங்க வர்றாங்க. எனக்காக இல்ல டீச்சர், அந்தக் குட்டிக்காக இனிமே போய்த்தான் ஆகணும். தங்கச்சி வீட்டுக்காரர் சலவைக் கடை வச்சிருக்கார். கடைக்குப் பின்னாலயே ஒரு ரூம். இவ கடைல நின்னுக்கிட்டே என்னையும் பாத்துக்கலாம்."

"அங்க போயாவது படிக்கட்டுமே?"

"கடைல ஆள் வேணும்னுதானே எங்கள வச்சுக்கறாங்க," என்றார் அம்மா. அதற்கு மேல் விளக்க அவருக்கு விருப்பமில்லை என்று தெரிந்தது.

டீச்சர் பென்சில் பக்கம் திரும்பினார். எப்போதும் பிள்ளைகளின் கணக்கில் தப்பு வந்துவிடக் கூடாதே என்று பார்க்கிறவர், இன்றைக்கு ஒரே ஒரு தப்பு கிடைத்துவிடாதா என்று தவித்தார். "நான் சொன்ன வழி சரியில்லயா? நீயே சொல்லு."

"சரிதான் டீச்சர்." பென்சில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். அழித்து அழித்து எழுதியதில் தாள்கள் சாம்பல் நிறமாகியிருந்தன. ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். வழிகள் வரிசையாக இருந்தன; ஒன்றைத் தவிர எல்லாவற்றின் மேலும் ஒரு கோடு. ஆறாவதாக, 'பள்ளி சிக் ரூம்.' அதன் மேல் மட்டும் கோடு இல்லை. "நானும் அதைத்தான் யோசிச்சேன். அது வந்திருக்கும் டீச்சர். ஆனா அது போன மாசத்துக் கணக்கு. இப்ப சின்னவ இங்க இல்லயே."

"யோசிச்சவ ஏன்டி என்கிட்ட சொல்லல?" டீச்சருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. கோபம் அவள் மேல் இல்லை. யார் மேல் என்று அவருக்குத் தெரியும். "ஒரு வார்த்தை... நேரா வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணரை ஆயிடுச்சு டீச்சர், ஒரு நிமிஷம்," என்று கட்டிலை நெருங்கினாள். டீச்சரும் பக்கத்தில் போனார். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"தோளுக்கு அடில ஒரு கை. இன்னொண்ணு இடுப்புல. இழுக்கக் கூடாது டீச்சர், உருட்டணும்."

இரண்டு பேருமாக உருட்டினார்கள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டார். முதுகில் கட்டுத்துணி விலகி, புண் தெரிந்தது. டீச்சர் அதை ஏற்கெனவே படத்தில் பார்த்திருந்தார். நான்கரை சென்டிமீட்டர் என்பது போன மாதத்து அளவு. இப்போது அது உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தது. ஐந்து பேரும் ஐந்து நிற மையில் திருத்திக்கொண்டிருந்த மூன்று வாரமும் அது இங்கே வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

பென்சில் கட்டைச் சரிசெய்து, தலையணையை முட்டுக் கொடுத்து, அம்மாவின் முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"கேட்டேனே டீச்சர். அஞ்சு பேர்கிட்டயும் கேட்டேன். தாளைக் குடுத்துட்டு மூணு வாரம் காத்துக்கிட்டிருந்தேன். யாராவது ஒருத்தர் தனியா கூப்பிட்டு, இது உன் வீடான்னு கேப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க, அறிவியல் சார், தமிழ் டீச்சர், யாராவது. கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். அப்புறம் மத்ததெல்லாம் சொல்லியிருப்பேன். எனக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல."

டீச்சர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் கேள்விகள் கேட்டவர். ஒரு பிள்ளைக்கும் விடை சொல்லாமல், எல்லோரையும் கேள்வியாலேயே நடத்திக் கொண்டுபோனவர். கேட்கவேண்டிய ஒன்றை மட்டும் கேட்காமல் விட்டிருக்கிறார். இப்போது கேட்டு எந்தப் புண்ணியமும் இல்லை. வீடு காலியாகிவிட்டது, சின்னவள் போய்விட்டாள், காலையில் வண்டி வந்துவிடும். அது எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டார்.

"இது உன் வீடாம்மா?"

பென்சில் மடித்த துணியைக் கையில் வைத்தபடி நின்றாள். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"ஆமா டீச்சர்," என்றாள். அதுவரை அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதாள்.